கிழங்கு சீவும் பெண்

சவப்பெட்டி வாசலில் தடாலென்று விழுந்தபோது ஒனோரினுக்கு இன்னும் உயிர் இருந்தது.

கோழிகள் சிதறி ஓடின. அதெல் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடினாள். தச்சர் பிலிபேர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று தொப்பியிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். புதுப் பலகைப் பெட்டி சேற்றில் சாய்ந்து கிடந்தது.

"குதிரை இடறிடுச்சு" என்றார். "பெட்டிக்கு ஒண்ணும் ஆகல. ஓக் மரம்."

"யாருக்கு இது?"

பிலிபேர் அவளை விநோதமாகப் பார்த்தார். "நேத்து சாயங்காலம் பாதிரியார் கடைசிப் பூசுதல் குடுக்க மணியை ஆட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வந்தாரே. சரி, முடிஞ்சிருக்கும்னு..."

"முடியல."

"ஓ." அவர் வீட்டை ஒரு பார்வை பார்த்தார், வண்டியை ஒரு பார்வை பார்த்தார். "நாளைக்குச் சந்தை. அதான் இன்னிக்கே முடிச்சுட்டேன். திருப்பி எடுத்துட்டுப் போகவா?"

"ஊரெல்லாம் பார்க்க எடுத்துட்டுப் போவீங்களா? கொட்டகையில வைங்க. வைக்கோல் போட்டு மூடுங்க."

"அளவைப் பத்திக் கவலைப்படாதே. ரொம்ப மெலிஞ்சுட்டாள்னு சொன்னாங்க. கொஞ்சம் குறைச்சுத்தான் போட்டிருக்கேன்."

"எங்க அக்காவுக்கு இதுவரைக்கும் யாரும் எதையும் குறைச்சுப் போட்டதில்ல பிலிபேர்" என்றாள் அதெல்.

சொன்ன பிறகுதான் தன் குரல் எப்படி இருந்தது என்று அவளுக்கே கேட்டது. பிலிபேர் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கினார்.

உள்ளே ஒனோரின் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். மார்புக் காய்ச்சல் அவளை உருக்கியிருந்தது. முகத்தில் மூக்கும் கண்களும்தான் மிச்சம்.

"என்ன சத்தம்?"

"மாவு மூட்டை."

"பொய் சொல்லாதே. உனக்கு வராது." ஒனோரின் மூச்சு வாங்கினாள். "அது எனக்குத்தான் வரும்."

அதெல் கஞ்சியை ஊட்டப் போனாள். ஒனோரின் வாயை மூடிக்கொண்டாள். கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து ஜன்னலோரம் இருந்த கண்ணாடியைக் காட்டினாள். தலை வாரும் மேஜையின் மேல் மாட்டிய, ஓரம் கறுத்த சிறிய கண்ணாடி.

"அதை மூடு."

"எதை?"

"கண்ணாடியை. ஒரு துணியைப் போடு."

அதெல் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். வீட்டில் ஒருவர் செத்தால்தான் கண்ணாடியை மூடுவார்கள். உயிரோடு இருக்கிறவள் படுத்திருக்கும் அறையில் யாராவது மூடுவார்களா?

"அபசகுனமாப் பேசாதே அக்கா."

"மூடுடீ."

அதெல் மூடவில்லை. தன் முகம் இப்படி ஆகிவிட்டதைப் பார்க்கச் சகிக்கவில்லை இவளுக்கு என்று நினைத்தாள். ஊரே அழகி என்று சொன்ன முகம். நினைத்தபோது உள்ளே எங்கோ ஒரு மூலையில் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை அவள் விரட்டவில்லை. கண்ணாடி திறந்தே இருக்கட்டும், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்தக் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில்தான் படம் தொங்கியது. அதெல் அதன் பக்கம் திரும்பவே இல்லை. இந்த அறைக்குள் எப்போது வந்தாலும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பாள். அக்காவுக்குப் பணிவிடை செய்த இந்த வாரம் முழுவதும் அப்படித்தான்.

பார்க்காவிட்டால் என்ன? கண்ணை மூடினாலும் தெரிகிற படம் அது. ஒரு வீட்டு வாசற்படியில் ஒரு பெண் உட்கார்ந்து கிழங்கு சீவுகிறாள். தலையில் முக்காடு. குனிந்திருப்பதால் முகத்தில் பாதி நிழல். பக்கத்தில் வாளி, பின்னால் கிணறு. அவ்வளவுதான். கறுப்பு மையில் அச்சிட்ட ஒரு காகிதம்.

சகோதரிகள் இருவரும் அப்பா வீட்டில் இருந்த காலத்தில் அந்தக் கிராமத்துக்கு ஓவியர் தெல்வால் வந்து தங்கினார். பாரிஸ்காரர். ராஜாவையும் ராணியையும் வரைய வேண்டியவர் சாணி அள்ளுகிறவனையும் ஆடு மேய்க்கிறவளையும் வரைந்துகொண்டிருந்தார். ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். மெழுகு பூசிய சின்னச் செப்புத் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு, பார்ப்பதை ஊசியால் அதில் நேரடியாகக் கீறுவார். பாரிஸுக்குக் கொண்டுபோய் அமிலத்தில் போட்டு அச்சடிப்பாராம். தினமும் காலையில் அப்பா வீட்டு வேலியோரம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் ஒனோரின் கிழங்கு சீவுவாள், ஒரு நாள் அதெல் சீவுவாள். இருவரையும் வரைந்தார்.

அதெலுக்கு இடக்கைப் பழக்கம். அம்மா அந்தக் கையைக் கட்டிப் போட்டுப் பார்த்தாள். பாதிரியார் சாத்தானின் கை என்றார். ஒன்றும் மாறவில்லை. தெல்வால் தன்னை வரைகிறார் என்று தெரிந்த காலையில், வெட்கப்பட்டுக் கத்தியை வலக்கைக்கு மாற்றினாள் அதெல். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "மாத்தாதே. இருக்கிறபடியே இரு."

வேறு யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அன்று மதியம்வரை அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

தெல்வால் போன பிறகு ஒரு வருஷம் கழித்துப் பாரிஸிலிருந்து ஒரு குழாயில் சுருட்டி அந்தப் படம் வந்தது. உள்ளே ஒரு வரி எழுதவில்லை. அப்பா அதை அடுப்படி மேஜையில் விரித்தார். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். முகம் நிழலில் இருந்ததால் யாரென்று சட்டென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு மதாம் ரூசெல்தான் கண்டுபிடித்தாள். "கத்தி வலது கையில இருக்கு. அப்ப இது ஒனோரின்தான்."

அதெலும் பார்த்தாள். கத்தி வலக்கையில்தான் இருந்தது. என்னை வரைந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டார், அக்காவைத்தான் வைத்துக்கொண்டார் என்று புரிந்துகொண்டாள்.

"ஆனா கிணத்தைப் பாருங்க" என்றார் அப்பா. "நம்ம கிணறு வாசலுக்கு வலப்பக்கம்ல இருக்கு? இந்த ஆளு இடப்பக்கம் போட்டிருக்கான். அன்னிக்குக் குடிச்சிருப்பான் போல."

எல்லோரும் சிரித்தார்கள். ஒனோரினும் சிரித்தாள். அதெல் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வசந்தத்தில் கன்றுக்குட்டி வாங்க அர்சேன் என்றொருவன் வந்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அதெல். கன்று துள்ளி அவளை இழுத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்து அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். ஒரு குவளை ஆப்பிள் மது குடிக்க உள்ளே வந்தவன், அடுப்பு மேல் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தான். குவளையைக் கீழே வைத்தான். "இது யாரு?"

"என் மூத்த பொண்ணு" என்றார் அப்பா.

அறுவடைக்குப் பின் அவனுக்கும் ஒனோரினுக்கும் கல்யாணம். விருந்தில் அர்சேன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "படத்துல பார்த்தப்பவே முடிவு பண்ணிட்டேன்." அப்பா படத்தையும் சீதனத்தோடு கொடுத்தார். அதெல் அப்பாவின் பண்ணையிலேயே தங்கிவிட்டாள்.

பெட்டி வந்த அன்று மதியம் அர்சேன் தொழுவத்திலிருந்து வந்தான். கையைக் கழுவிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து ஒனோரினின் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். பெரிய உருவம். எதையாவது பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தெரியாதவன். மகள் லியோனி தலைமாட்டில் நின்றாள். பதினாறு வயசு. அம்மாவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க ஒன்றும் இல்லாதபோதும் துடைத்தாள்.

ஒனோரின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை நீண்ட மூச்சு வந்தது. அடுத்ததற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

மதாம் ரூசெல் வாசலிலேயே காத்திருந்திருக்க வேண்டும். லியோனியின் அழுகுரல் கேட்டதும் உள்ளே வந்து சட்டையின் கையை மடித்துவிட்டாள். மரணம் நடந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று அவளை யாரும் கேட்க வேண்டியதில்லை.

"கடிகாரத்தை நிறுத்துங்க. லியோனி, வாளித் தண்ணியெல்லாம் கொட்டிடும்மா. அர்சேன், நீ போய்த் தேனீக்கிட்ட சாவுச் சேதி சொல்லு. சொல்லலேன்னா கூட்டை விட்டுப் போயிடும். கூட்டுல கறுப்புத் துணி கட்ட மறந்துடாதே."

அர்சேன் நகரவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "படத்தை அவளோடவே வச்சுடலாம்னு நினைக்கிறேன்" என்றான். "பெட்டியில. அவ கையில." பிறகு அதெலிடம் திரும்பினான். "உனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே? உங்க அப்பா வீட்டுப் பொருள்."

"வைங்க" என்றாள் அதெல். "அவளோடதுதானே." மண்ணுக்குள் போகட்டும், ஒழியட்டும். நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்ததுபோல இருந்தது.

அர்சேன் தேன்கூடுகளைப் பார்க்கப் போனான்.

"கண்ணாடியை இன்னும் மூடலையே" என்றாள் மதாம் ரூசெல். "அதெல், உன் சால்வையைப் போடு. சீக்கிரம்."

அதெல் சால்வையை உருவிக்கொண்டு மேஜைக்குப் போனாள். ஆணி உயரத்தில் இருந்தது. ஒனோரின் தலை வார உட்காரும் முக்காலியை இழுத்து, அதில் ஒரு முழங்காலை ஊன்றி, சால்வையைத் தூக்கினாள். கண்ணாடிக்குள் தன் முகம் தெரிந்தது. தன் தோளுக்கு மேலே, பின்சுவரில், படம் தெரிந்தது.

கை அப்படியே நின்றது.

கண்ணாடிக்குள் இருந்த பெண் கத்தியை இடக்கையில் பிடித்திருந்தாள்.

அதெல் திரும்பிப் பார்த்தாள். சுவரில் கத்தி வலக்கையில் இருந்தது. மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். இடக்கை. வலக்காலை மடித்து அதன் மேல் உட்காருவது அவள் பழக்கம். ஒனோரின் அப்படி உட்கார்ந்ததே இல்லை. கண்ணாடிக்குள் மடிந்திருந்தது வலக்கால். கிணறு வாசலுக்கு வலப்பக்கம் வந்து, அப்பா வீட்டில் இருக்கிற இடத்திலேயே நின்றது.

"என்ன, பூதத்தைப் பார்த்தியா?" என்றாள் மதாம் ரூசெல். "மூடும்மா."

மூடினாள். கீழே இறங்கும்போது முக்காலி கவிழ்ந்தது. நேராகப் பால் அறைக்குப் போனாள். அங்கே வெண்ணெய்க்கு முத்திரை வைக்கும் மர அச்சு கிடந்தது. அதில் பசு வலப்பக்கம் பார்த்து நின்றது. அருகே ஈரத் துணியின் கீழ் நேற்றைய வெண்ணெய். துணியை விலக்கினாள். வெண்ணெயில் பசு இடப்பக்கம் பார்த்தது. தகட்டில் கீறியதும் காகிதத்தில் இப்படித்தான் திரும்பியிருக்க வேண்டும்.

இதே மாதிரி அச்சை வாராவாரம் தன் கையால் அழுத்துகிறவள் அவள். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று உண்டு. கிணற்றைப் பார்த்து ஓவியனைக் குடிகாரன் என்று சிரித்த ஊர், கத்தியை மட்டும் அப்படியே நம்பிவிட்டது. தானும்தான் நம்பினாள்.

மாத்தாதே. இருக்கிறபடியே இரு. அவர் மாற்றவில்லை.

அதெல் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு பால் அறையின் குளிர்ந்த தரையில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. கோபம்கூட இல்லை. கன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அந்தக் காலை வந்தது. அடுத்தபடியாக வந்தது கோபம்.

பிற்பகலிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். புனித நீரில் நனைத்த இலைக்கொத்தால் உடலின் மேல் தெளித்துவிட்டு, அடுப்படிக்கு வந்து ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிட்டார்கள். போகிறவர்கள் எல்லோரும் படத்தின் முன் ஒரு நிமிஷம் நின்றார்கள்.

"அந்தக் கழுத்துச் சாய்வைப் பார்த்தீங்களா" என்றாள் மதாம் ரூசெல், அது ஏதோ அவளே வரைந்தது போல. "ஒனோரினைத் தவிர யாருக்கு வரும் அது?"

"யாருக்கும் வராது" என்றார் பிலிபேர், வாயில் ரொட்டியோடு.

அதெல் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். இடக்கையால். யாரும் கவனிக்கவில்லை. என்றைக்குக் கவனித்தார்கள்?

"அதை அங்கே மாட்டினது நான்தான்" என்றான் அர்சேன். குடித்திருக்கவில்லை, ஆனாலும் குடித்தவன்போலப் பேசினான். "கல்யாணத்தன்னிக்கு. தலை வாரும்போது ரெண்டு ஒனோரினையும் சேர்த்துப் பார்க்கட்டுமேன்னு. அவளுக்கு என்னவோ பிடிக்கல. அடுப்படிக்கு மாத்துங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. புகை பட்டு வீணாயிடும்னு நான் விடல. அது நீதானே, உனக்கு என்ன கஷ்டம்னு கேட்டா பதிலே வராது."

அதெலின் கத்தி ரொட்டியில் பாதியில் நின்றது.

அப்படியென்றால் அக்காவுக்குத் தெரியும். இன்று நேற்று இல்லை. கல்யாண மோதிரம் விரலில் பழகாத நாளிலிருந்தே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஈஸ்டர் விருந்துக்கு வருவாள், கிறிஸ்துமஸுக்கு வருவாள், அப்பாவின் கல்லறைக்குப் பூ கொண்டு வருவாள். "நீயும் ஒருத்தனைப் பார்த்துக் கட்டிக்கலாமேடி" என்பாள். ஒரு நாளும் சொல்லவில்லை.

பொய் சொல்ல எனக்குத்தான் வரும்.

அன்று இரவு எல்லோரும் முறை வைத்து விழித்திருந்தார்கள். அதெல் தன் முறை முடிந்த பின்னும் எழுந்திருக்கவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அக்காவின் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜெபமாலை சுற்றிய கைகள். நாளைக்கு அவற்றில் அந்தப் படத்தைச் சொருகுவார்கள். என்னை அவள் கையில் கொடுத்துப் புதைப்பார்கள் என்று நினைத்தாள். சொல்லிவிட வேண்டும். அர்சேன் கேட்க வேண்டும். ஒரு முறை, ஒரே ஒரு முறை, அவன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் படம் எங்கே போனாலும் சரி.

காலையில் மழை தூறியது. பிலிபேர் சந்தைக்குப் போகாமல் வந்திருந்தார். பெட்டியின் மேலிருந்த வைக்கோலைத் தட்டித் துடைத்து அறைக்குள் கொண்டுவந்தார்கள். ஒனோரினை உள்ளே படுக்க வைத்தபோது அளவு சரியாக இருந்தது. பிலிபேர் அதெலைப் பார்த்தார். அதெல் வேறு பக்கம் பார்த்தாள்.

வெளியே பாதிரியாரின் ஆட்கள் வந்து நின்றார்கள். அர்சேன் சுவரிலிருந்து படத்தை இறக்கினான். அது இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாக ஒரு சதுரம் விட்டிருந்தது. சட்டத்தின் பின்பக்கத்தைப் பேனாக்கத்தியால் நெம்பி, காகிதத்தை மெதுவாக உருவினான்.

"மூடியைப் போடட்டுமா?" என்றார் பிலிபேர். ஆணிகளை வாயில் வைத்திருந்தார்.

"படத்தை வைக்காதீங்க" என்றாள் அதெல்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நேத்து சரின்னியே" என்றான் அர்சேன்.

"நேத்து சொன்னேன். இன்னிக்கு வேண்டாங்கறேன்."

"ஏன்?"

மதாம் ரூசெல் உதட்டைச் சுழித்தாள். "செத்தவகிட்டயும் போட்டியா அதெல்? அந்தப் படத்து மேல உனக்கு ஒரு கண்ணுன்னு ஊருக்கே தெரியும். இப்பவாவது விட்டுக்குடேன்."

அதெலுக்கு முகம் எரிந்தது. கண்ணாடி இரண்டடி தூரத்தில் இருந்தது. சால்வையை இழுத்துவிட்டு, காகிதத்தை அதன் முன்னால் பிடித்தால் போதும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. ஆனால் உடல் வீட்டைவிட்டுப் போகும்வரை கண்ணாடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் அடுத்த சாவு அந்த வீட்டிலேயே என்பார்கள். லியோனி அங்கேதான் நின்றாள்.

அதெலின் கை சால்வையின் ஓரத்தைப் பிடித்தது. பிடித்த கை இடது கை. அர்சேன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு தன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஏன்னு கேட்டேன் அதெல்."

அவள் பெட்டிக்குள் பார்த்தாள். ஒனோரினின் வாய் லேசாகத் திறந்திருந்தது, இப்போதுதான் ஏதோ சொல்லப் போகிறவள் போல. 'மூடுடீ' என்று கேட்ட வாய். ஒரு துணியைப் போடு என்று கெஞ்சியதை அழகுப் பெருமை என்று நினைத்து, திறந்தே விட்டுவிட்டுக் கஞ்சி கலக்கியது அவளுக்கு நினைவு வந்தது.

சால்வையை விட்டாள். ஆனாலும் 'வைங்க' என்ற வார்த்தை வரவில்லை. பிலிபேர் வாயிலிருந்து ஓர் ஆணியை எடுத்தார்.

லியோனிதான் முன்னால் வந்தாள். அப்பாவின் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, சுருட்டி, மார்போடு வைத்துக்கொண்டாள்.

"சித்தி சொல்றது சரிப்பா, வைக்க வேண்டாம். அம்மாவுக்கு இதைக் கண்டாலே ஆகாது. தினமும் தலை வாரும்போது கண்ணாடிக்குள்ள பார்த்துப் பார்த்து, 'இன்னிக்கும் நீதான் உக்கார்ந்திருக்கியா அதெல், கொஞ்சம் எழுந்து போயேண்டி'ம்பாங்க."